1099-மிஸ்க் தாள் வந்தால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டுமா?

தஞ்சை_டு_டாலஸ்:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 17 வயது, ஹைஸ்கூல் கடைசி வருடம். இந்த ஜனவரி கடைசியில் அவள் பெயருக்கு இரண்டு தாள்கள் வந்தன, சம்பளம் அல்லாத பணம் கொடுத்தவர்கள் அனுப்பும் வருமான விவரத் தாள்கள். ஒன்று 1099-மிஸ்க், மூன்றாம் பெட்டியில் 700 டாலர், ஒரு கட்டுரைப் போட்டியில் வாங்கிய பரிசு. இன்னொன்று 1099-என்இசி, 600 டாலர், சனி ஞாயிறுகளில் ஒரு கணக்கு டியூஷன் சென்டரில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு. 2025-ல் அவளுக்கு இதைத் தவிர வேறு வருமானம் கிடையாது, வங்கி வட்டிகூட இல்லை. அவளை நாங்கள் எங்கள் ரிட்டர்னில் டிபெண்டன்ட்டாக, அதாவது எங்களைச் சார்ந்தவளாகக் காட்டுகிறோம்.

ஆபீஸில் ஒருவர் 15,750 டாலருக்குக் கீழே இருந்தால் எதுவும் போட வேண்டாம் என்கிறார். இன்னொருவர் 1099 என்று எது வந்தாலும் ஐஆர்எஸ்ஸுக்கும் (அமெரிக்க வரித்துறை) அதன் நகல் போயிருக்கும், போடாவிட்டால் நோட்டீஸ் வரும் என்கிறார். இரண்டில் எது சரி? அவளுடையதை எங்கள் ரிட்டர்னிலேயே சேர்த்துப் போட்டுவிடலாமா? கூடவே இன்னொன்று: எனக்கே ஒரு 1099-மிஸ்க் வந்திருக்கிறது, 750 டாலர், நண்பர்களை ஒரு வங்கியில் சேர்த்துவிட்டதற்கான ரெஃபரல் போனஸ். அதை என்ன செய்வது?

ரவுண்ட்ராக்_வாசி:

சகோ, 600 டாலருக்குக் கீழே இருந்தால் காட்டவே வேண்டாம் என்பதுதான் விதி. அதைக்கூட இப்போது 2,000 ஆக்கிவிட்டார்கள், போன ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில். உங்கள் மகளுக்கு வந்தது இரண்டும் 2,000-க்குக் கீழேதானே. நிம்மதியாக இருங்கள்.

வைகைக்கரை:

தஞ்சை நண்பரே, கொஞ்சம் பொறுங்கள், அதற்குள் முடிவு செய்துவிடாதீர்கள். வரி சீசனில், இலவசமாக ரிட்டர்ன் போட உதவும் விட்டா மையத்தில் தன்னார்வலராக உட்காருகிறவன் நான். ஒவ்வொரு வருடமும் மேசைக்கு வரும் கேள்வி இது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். 600 டாலர் என்பது பணம் கொடுத்தவருக்கான விதி. அவர் எப்போது தாள் அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்கிறதே தவிர, பணம் வாங்கியவர் எப்போது ரிட்டர்ன் போட வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. வாங்கியவருக்கு வேறு அளவுகள். தாள் வந்தும் போட வேண்டியிராத ஆட்கள் உண்டு, எந்தத் தாளும் வராமலே போட்டாக வேண்டியவர்களும் உண்டு.

இப்போது உங்கள் மகளுடையதைப் பார்ப்போம். பரிசுப் பணம் உழைப்புக்குக் கொடுத்த கூலி இல்லை. அது மூன்றாம் பெட்டியில் 'மற்ற வருமானம்' என்று வருகிறது. டிபெண்டன்ட்டாக இருக்கும் பிள்ளைக்கு இப்படி உழைக்காமல் வந்த வருமானம் 2025-க்கு 1,350 டாலரைத் தாண்டினால்தான் ரிட்டர்ன் கட்டாயம். 700 தாண்டவில்லை. அந்த ஒரு தாள் மட்டும் வந்திருந்தால் அவள் எதுவும் போட வேண்டியதில்லை, ஐஆர்எஸ்ஸிடம் நகல் இருந்தாலும்தான். அவர்கள் கணினியும் இதே அளவுகளை வைத்துத்தான் பார்க்கும்.

சிக்கல் அந்த 600 டாலர் தாளில் இருக்கிறது. என்இசி என்றால் அவளை ஊழியராக எடுக்காமல் கான்ட்ராக்டராக எடுத்துப் பணம் கொடுத்தார்கள் என்று பொருள். அதாவது வரிச் சட்டத்தின் பார்வையில் உங்கள் பெண் 2025-ல் சுயதொழில் செய்திருக்கிறாள். சுயதொழிலில் நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டால் ரிட்டர்ன் கட்டாயம். வயது, டிபெண்டன்ட், 15,750 எதுவும் அதில் குறுக்கே வராது. ஆபீஸ் நண்பர் சொன்ன 15,750 தனிநபருக்கான ஸ்டாண்டர்ட் டிடக்ஷன், அதாவது வருமானத்தில் வரியில்லாமல் கழித்துக்கொள்ளும் தொகை, அது வருமான வரிக்குத்தான். சுயதொழில் வரி தனி, சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்குமானது, 400-ஐத் தொட்டுவிட்டால் முதல் டாலரிலிருந்தே கணக்கு.

கணக்கு இப்படி: 600-ல் 92.35 சதவீதம் எடுத்தால் 554. அது 400-க்கு மேல், ஆகவே மாட்டுகிறது. அதில் 15.3 சதவீதம், ஏறக்குறைய 85 டாலர். வருமான வரி சுத்தமாக இல்லை, ஏனென்றால் இரண்டும் சேர்ந்து 1,300தான், அவளுக்குக் கிடைக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 1,350. ஆக மொத்தம் கட்ட வேண்டியது அந்த 85 மட்டும். டியூஷனுக்காகப் புத்தகம், பிரிண்ட், கார் ஓட்டிய மைல் என்று அவள் கையிலிருந்து உண்மையிலேயே செலவு செய்திருந்தால் சுயதொழில் வரவு செலவுக்கான ஷெட்யூல் சி-யில் கழிக்கலாம். கார் மைலுக்கு 2025-ல் 70 சென்ட். ஆனால் வீட்டிலிருந்து நேராக ஒவ்வொரு முறையும் ஒரே சென்டருக்குப் போய்வந்தது பெரும்பாலும் கணக்கில் வராது, அதைப் பிடித்து இழுக்காதீர்கள்.

உங்கள் ரிட்டர்னில் சேர்க்க முடியாது. பெற்றோர் ரிட்டர்னில் பிள்ளையின் வருமானத்தைச் சேர்க்க ஒரு படிவம் இருக்கிறது, 8814. ஆனால் பிள்ளைக்கு வட்டியும் டிவிடெண்டும் மட்டுமே வருமானமாக இருந்தால்தான் அது செல்லும். இவள் தனியாகத்தான் 1040 (வருமான வரி ரிட்டர்ன் படிவம்) போட வேண்டும், ஷெட்யூல் சி, சுயதொழில் வரிக்கான ஷெட்யூல் எஸ்இ உட்பட. பரிசுத் தொகையையும் அப்போது ஷெட்யூல் 1-ல் காட்டிவிட வேண்டும். ரிட்டர்ன் போடுகிறோம் என்றால் எல்லாவற்றையும் காட்டித்தான் போட வேண்டும், கட்டாயப்படுத்திய தாளை மட்டும் காட்டினால் போதாது.

உங்கள் 750 டாலருக்குப் பெரிய விவாதம் தேவையில்லை. சம்பளம் வாங்குகிறீர்கள், எப்படியும் ரிட்டர்ன் போடுகிறீர்கள். ஷெட்யூல் 1-ல் மற்ற வருமானமாக எழுதுங்கள். அதற்குச் சுயதொழில் வரி கிடையாது, உங்கள் வழக்கமான வரி விகிதம்தான்.

ரவுண்ட்ராக்_வாசி:

அப்படியென்றால் அந்த 2,000 யாருக்கு?

வைகைக்கரை:

அதுவும் பணம் கொடுப்பவருக்குத்தான். 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கும் பணத்துக்கு 600-க்குப் பதில் 2,000. இந்த சீசனில் நாம் பார்ப்பது 2025-ல் வாங்கிய பணம், அதற்குப் பழைய 600தான். 2027 ஜனவரியில் நிறையப் பேருக்குத் தாளே வராது. 1,800 டாலர் வேலை செய்த பையன் 'பேப்பர் வரவில்லையே' என்று விட்டுவிடுவான். 400 டாலர் விதியைச் சட்டம் தொடவே இல்லை. அது அப்படியே இருக்கிறது. எனக்கு உண்மையிலேயே கவலை அந்த வருடத்தைப் பற்றித்தான்.

கொங்கு_கணக்கு:

வைகைக்கரை சொன்ன கணக்கு சரி. ஆனால் அந்த என்இசி தாளே சரியா என்று யாரும் கேட்கவில்லையே. நான் ஊதியப் பட்டியல் பார்க்கும் வேலையில் இருக்கிறேன், இது என்னைக் கொதிக்க வைக்கும் விஷயம்.

தஞ்சை நண்பரே, அந்த டியூஷன் சென்டரில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று யார் சொன்னது? எந்தப் பாடப் புத்தகம், எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று யார் முடிவு செய்தது? மேசை, நாற்காலி, பலகை யாருடையது? எல்லாம் அவர்களுடையது என்றால் அவள் ஊழியர், ஊழியருக்கான சம்பளத் தாளான டபிள்யூ-2 கொடுத்திருக்க வேண்டும். கொடுத்திருந்தால் அவளிடம் 7.65 சதவீதம், 600-க்கு 45.90 டாலர் பிடித்திருப்பார்கள், அதே அளவு சென்டர் தன் பங்காகக் கட்டியிருக்கும். அவள் ரிட்டர்னே போட வேண்டியிருந்திருக்காது! கான்ட்ராக்டர் என்று எழுதியதால் இரண்டு பங்கும் பிள்ளை தலையில், ஃபாரம் நிரப்பும் வேலையும் பிள்ளை தலையில். தொகை சின்னதுதான், ஆனால் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் இதைச் செய்கிறார்கள், அவர்களுக்கு எதிர்த்துக் கேட்கத் தெரியாது என்பதால்தான் செய்கிறார்கள்.

தஞ்சை_டு_டாலஸ்:

நீங்கள் கேட்டது எல்லாமே அவர்களுடையதுதான். நேரம், புத்தகம், சீருடை டி-ஷர்ட் கூட. சேரும்போது டபிள்யூ-9 என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்களாம், என்ன தாள் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. இப்போது என்ன செய்யலாம்? பிள்ளை கோடையிலும் அங்கே போக ஆசைப்படுகிறாள், சண்டை போட விருப்பமில்லை.

கொங்கு_கணக்கு:

சண்டை இல்லாத வழி முதலில். சென்டரிடம் மரியாதையாக மின்னஞ்சலில் கேளுங்கள்: இவளை ஊழியராகத்தானே வைத்திருந்தீர்கள், திருத்திய படிவம் தர முடியுமா, 2026-லாவது டபிள்யூ-4 (ஊழியர் தரும் வரிப் பிடித்தப் படிவம்) வாங்கிச் சம்பளப் பட்டியலில் சேர்ப்பீர்களா என்று. நிறையச் சின்ன நிறுவனங்கள் தெரியாமலும் செய்கின்றன, கேட்டால் மாற்றுகிறார்கள்.

மாற்றவில்லை என்றால் எஸ்எஸ்-8 என்று ஒரு படிவம் இருக்கிறது, இவர் ஊழியரா கான்ட்ராக்டரா என்று ஐஆர்எஸ்ஸையே முடிவு செய்யச் சொல்வது. முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். அதோடு 8919 என்ற படிவத்தைப் போட்டால் அவள் தன் பங்கை மட்டும் கட்டினால் போதும். ஆனால் எஸ்எஸ்-8 போட்டால் சென்டருக்குக் கடிதம் போகும், அது தெரிந்தே செய்யுங்கள். 40 டாலர் வித்தியாசத்துக்காக இந்த வருடம் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். கோடையில் 3,000, 4,000 வரப்போகிறது என்றால் இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்வேன்.

வைகைக்கரை:

நான் விட்ட இடத்தைக் கொங்கு எடுத்துச் சொன்னதற்கு நன்றி. ஒரு சின்ன நல்ல செய்தியும் இருக்கிறது. டியூஷனில் வந்தது உழைத்த வருமானம் என்பதால், அதில் சுயதொழில் வரியின் பாதியைக் கழித்து மிச்சமிருக்கும் 557 டாலர் வரை அவள் பெயரில் ரோத் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் போடலாம். பரிசுப் பணத்தைக் காட்டி அங்கே போட முடியாது. 2025-க்கானதை ஏப்ரல் 15 வரை போடலாம்.

முதுகலை_மாணவன்:

இந்த இழையிலேயே கேட்கிறேன், மன்னிக்கவும். நான் எஃப்-1 மாணவர் விசாவில் 2023 ஆகஸ்டில் வந்தேன். போன வருடம் ஒரு ஹேக்கத்தானில் 1,500 டாலர் பரிசு. அவர்களும் டபிள்யூ-9 நிரப்பச் சொன்னார்கள், நிரப்பினேன், இப்போது 1099-மிஸ்க் வந்திருக்கிறது. கேம்பஸ் வேலைக்கு டபிள்யூ-2 தனியாக இருக்கிறது, 9,000 டாலர். எல்லோரும் பயன்படுத்தும் அந்த ஆன்லைன் சாஃப்ட்வேரில் போட்டால் வரி எதுவும் இல்லை, பிடித்தது எல்லாம் திரும்ப வரும் என்று காட்டுகிறது. அப்படியே போட்டுவிடலாமா?

இந்தியானா_பழைய_மாணவன்:

தம்பி, போடாதே! அந்த சாஃப்ட்வேர்கள் 1040 போடும், அது ரெசிடெண்ட்டுக்கானது. எஃப்-1-ல் வந்த முதல் ஐந்து காலண்டர் வருடங்களுக்கு நீ வரிக் கணக்கில் நான்-ரெசிடெண்ட். 2023-ல் வந்ததால் 2027 வரை. நீ போட வேண்டியது நான்-ரெசிடெண்ட்டுக்கான 1040-என்ஆர், கூடவே 8843 என்ற படிவம்.

டபிள்யூ-9 ரெசிடெண்ட்டுகள் கொடுப்பது. நீ டபிள்யூ-8பென் கொடுத்திருக்க வேண்டும், அவர்களும் 30 சதவீதம் பிடித்துக்கொண்டு, நான்-ரெசிடெண்ட்டுக்கான தாளாகிய 1042-எஸ் அனுப்பியிருக்க வேண்டும். தாள் மாறி வந்தது உன் வரியை மாற்றாது. பரிசுக்குப் பொதுவாக 30 சதவீதம், 1,500-க்கு 450 டாலர், 1040-என்ஆர் கூட வரும் ஷெட்யூல் என்இசி-யில் போகும். அந்த என்இசி வேறு, 1099-என்இசி வேறு, குழப்பிக்கொள்ளாதே.

9,000 சம்பளத்துக்கு நமக்கு ஒரு சலுகை இருக்கிறது. மற்ற நாட்டு நான்-ரெசிடெண்ட் மாணவர்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் கிடையாது, இந்திய மாணவர்களுக்கு மட்டும் இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21(2)-ஆம் பிரிவுப்படி உண்டு. அதனால் சம்பளத்துக்கு வரி வராது. ஆனால் அந்தக் கழிவைப் பரிசுக்கு எதிராக வைக்க முடியாது. பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேள், நான்-ரெசிடெண்ட்டுக்கான சாஃப்ட்வேர் கோடு பெரும்பாலும் இலவசமாகத் தருவார்கள்.

முதுகலை_மாணவன்:

அண்ணா, மிக்க நன்றி. என் அறைத்தோழன் ஒருவனுக்கு 1099-என்இசி வந்திருக்கிறது, ஒரு கடைக்கு வெப்சைட் செய்துகொடுத்தான். அவனும் இதே மாதிரிதானா?

இந்தியானா_பழைய_மாணவன்:

அது வேறு, அது இன்னும் தீவிரம். பரிசு வேலை இல்லை. வெப்சைட் செய்தது வேலை. எஃப்-1-ல் அனுமதியில்லாமல் கேம்பஸுக்கு வெளியே வேலை செய்தது என்று ஆகலாம், அவன் படிப்புக்கும் விசாவுக்கும் ஆபத்து. இதை இணையத்தில் கேட்டு முடிவு செய்யக் கூடாது, குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் நேரில் பேசச் சொல். ஒன்று மட்டும் சொல்கிறேன்: விசா பிரச்சினைக்குப் பயந்து ரிட்டர்ன் போடாமல் இருப்பது தீர்வு இல்லை. வருமானம் வந்தது உண்மை, வரிக் கடமையும் உண்மை. நான்-ரெசிடெண்ட்டுக்குச் சுயதொழில் வரி கிடையாது, வருமான வரி கணக்கு மட்டும். போடாமல் விட்டால் இரண்டு பிரச்சினையும் சேர்ந்து நிற்கும்.

நாட்டியப்பள்ளி_நியூஜெர்சி:

எனக்கு நேர்மாறான நிலைமை. எனக்கு எந்தத் தாளும் வந்ததில்லை. எச்-4 ஈஏடி (எச்-1பி ஊழியரின் துணைவருக்கான வேலை அனுமதி) இருக்கிறது, வீட்டு பேஸ்மென்ட்டில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். பெற்றோர் எல்லோரும் செல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில்தான் ஃபீஸ் அனுப்புகிறார்கள். போன வருடம் மொத்தம் 9,000 வந்தது, ஹால் வாடகை, சலங்கை, பாட்டு ரெக்கார்டிங் என்று 3,500 போனது. சங்கத்தில் பேசும்போது சிலர் ஃபாரம் வராத பணத்தை யாரும் காட்டுவதில்லை என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம்.

வைகைக்கரை:

உங்களுக்குச் சரியாகப் படாததுதான் சரி, சகோதரி. பிள்ளைகளுக்குப் பாட்டு, நாட்டியம் கற்றுக்கொடுக்க வீட்டார் கட்டும் ஃபீஸ் அவர்களுக்குச் சொந்தச் செலவு, வியாபாரச் செலவு இல்லை. அதனால் அவர்கள் 1099 தர வேண்டிய கடமையே இல்லை. பணச் செயலிகள் அனுப்பும் தாளான 1099-கே, அதைச் செல் அனுப்புவதில்லை. மற்ற செயலிகளிலும் வியாபாரக் கணக்கு என்றால் 20,000 டாலரும் 200 பரிவர்த்தனையும் தாண்ட வேண்டும், அதே ஜூலைச் சட்டம் பழைய அளவுக்கே கொண்டுபோய்விட்டது. ஆக, உங்களுக்கு எத்தனை வருடம் ஆனாலும் தாள் வராது. வருமானம் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

கணவரோடு சேர்ந்து போடும் ரிட்டர்னில் உங்கள் பெயரில் ஷெட்யூல் சி: 9,000 வரவு, 3,500 செலவு, நிகரம் 5,500. சுயதொழில் வரி சுமார் 777 டாலர், அதற்கு மேல் உங்கள் குடும்பத்தின் வருமான வரி விகிதம். நியூஜெர்சிக்கும் காட்ட வேண்டும். பேஸ்மென்ட்டை வகுப்புக்கு மட்டுமே ஒதுக்கியிருந்தால் அந்த இடத்துக்கு எளிய முறையில் ஒரு சதுர அடிக்கு 5 டாலர் கழிக்கலாம், 300 சதுர அடி வரை. வீட்டு ஹாலாகவும் அதே இடம் பயன்படுகிறது என்றால் கிடையாது.

இந்த 777 வீணாகப் போகிறது என்று நினைக்காதீர்கள். சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட் வேண்டும், 2025-ல் ஒரு கிரெடிட்டுக்கு 1,810 டாலர் உழைத்த வருமானம். உங்களுக்குப் போன வருடம் இரண்டு கிரெடிட் சேரும். எச்-4-ல் பல வருடம் வேலையே செய்ய முடியாமல் இருந்த பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. காட்டாத பணத்துக்கு அந்தக் கணக்கில் ஒன்றும் ஏறாது.

கொங்கு_கணக்கு:

இனிமேலுக்கு: மூன்று மாதத்துக்கு ஒருமுறை எஸ்டிமேட்டட் டாக்ஸ் (முன்கூட்டிக் கட்டும் வரி) கட்டும் தலைவலி வேண்டாமென்றால், கணவர் தன் டபிள்யூ-4-ல் 4(சி) வரியில் ஒவ்வொரு சம்பளத்துக்கும் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம். சேர்ந்து போடும் தம்பதிக்கு அது போதும்.

நாட்டியப்பள்ளி_நியூஜெர்சி:

கிரெடிட் விஷயம் இதுவரை யாருமே சொல்லவில்லை. இன்றே செலவு ரசீதுகளை எடுத்து வைக்கிறேன். இன்னொரு கேள்வி, எங்கள் சங்கப் பொருளாளருக்காக. அரங்கேற்றத்துக்கும் பொங்கல் விழாவுக்கும் மிருதங்கம், வயலின் வாசிக்கிறவர்களுக்குச் சங்கம் பணம் கொடுக்கிறது. லாப நோக்கமில்லாத அமைப்பு. அவர்கள் 1099 தர வேண்டுமா?

கொங்கு_கணக்கு:

தர வேண்டும். இந்த விதிக்கு லாப நோக்கமில்லாத அமைப்பும் வியாபாரம் போலத்தான். இங்கே வசிக்கும் கலைஞருக்கு 2025-ல் 600 டாலரோ அதற்கு மேலோ செக்கிலோ செல்லிலோ கொடுத்திருந்தால் 1099-என்இசி, கெடு ஜனவரி 31, உடனே அனுப்பச் சொல்லுங்கள், தாமதம் கூடக் கூட அபராதமும் கூடும். கிரெடிட் கார்டில் கொடுத்ததை விட்டுவிடலாம், அது வேறு வழியில் கணக்குக்குப் போகும். இந்தியாவிலிருந்து வந்து வாசித்துவிட்டுப் போகும் கலைஞர் என்றால் 1099 கிடையாது. பொதுவாக 30 சதவீதம் பிடித்து 1042-எஸ். அதை அழைக்கும் முன்பே பேச வேண்டும், அவர் ஊருக்குப் போனபின் பிடித்தத் தொகையை யாரிடம் கேட்பது?

ஓய்வுபெற்றவர்_மிச்சிகன்:

எனக்கு 71, மனைவிக்கு 68. எங்களுக்கு ஒரு பழைய வீடு வாடகையில் இருக்கிறது. மேனேஜ்மென்ட் கம்பெனி வருடா வருடம் 1099-மிஸ்க் முதல் பெட்டியில் மொத்த வாடகையைப் போட்டு அனுப்புகிறது, 2025-க்கு 36,000. வரி, இன்சூரன்ஸ், ரிப்பேர், தேய்மானம் எல்லாம் போக 4,000தான் மிச்சம். வேறு வருமானம் இல்லை. வரி ஏதும் வராது என்று தெரியும். அப்படியிருக்க ரிட்டர்ன் எதற்கு?

வைகைக்கரை:

ஐயா, வரி வராது என்பது வேறு, போட வேண்டாம் என்பது வேறு. போட வேண்டுமா என்று பார்க்கும்போது எடுத்துக்கொள்வது செலவு கழிக்காத மொத்த வாடகை. 65 தாண்டிய தம்பதிக்கு 2025 அளவு 34,700. உங்கள் 36,000 அதைத் தாண்டுகிறது, ஆகவே கட்டாயம். வாடகைக் கணக்குக்கான ஷெட்யூல் இ போட்டு 4,000 என்று காட்டினால் வரி பூஜ்யம். போடாவிட்டால் ஐஆர்எஸ் கண்ணுக்கு 36,000 மட்டும் தெரியும், உங்கள் ரிப்பேர் செலவு தெரியாது. மூத்தவர்களுக்கு இந்த வருடம் வந்த 6,000 டாலர் புதுக் கழிவு இந்த அளவை உயர்த்தவில்லை, அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

மேரிலாந்து_மதி:

வைகைக்கரை சொன்னது போலத்தான் என் மைத்துனருக்கு நடந்தது, அதனால் எழுதுகிறேன். அவர் ஒரு நிறுவனத்தின் சலுகையில் போனஸ் வாங்கினார், அவர்கள் 1099-மிஸ்கைப் பழைய முகவரிக்கு அனுப்பிவிட்டார்கள், இவர் வீடு மாறியிருந்தார். பார்க்கவே இல்லை. அடுத்த வருடம் சிபி2000 என்ற நோட்டீஸ் வந்தது, வரியும் வட்டியும் போட்டு. அதைப் பார்த்து ஆடிட் வந்துவிட்டது என்று வீடே கலங்கிவிட்டது. அது ஆடிட் இல்லை, எங்களிடம் இருக்கும் தாளும் நீ காட்டியதும் பொருந்தவில்லை, என்ன சொல்கிறாய் என்று கேட்பதுதான். சம்மதம் என்றோ இல்லை என்றோ, பொதுவாக 30 நாளுக்குள், பதில் எழுத வேண்டும். இல்லை என்றால் ஆதாரம் வைக்க வேண்டும். பதிலே போடாமல் இருந்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும்.

வீடு மாறியவர்கள் ஐஆர்எஸ் இணையக் கணக்கில் போய் 'வேஜ் அண்ட் இன்கம் டிரான்ஸ்கிரிப்ட்' பார்த்துவிடுங்கள். உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் யார் யார் என்ன தாள் அனுப்பினார்கள் என்று தெரியும். ஆனால் பிப்ரவரியில் முழுசாக இருக்காது, மின்வழியில் அனுப்புகிறவர்களுக்கு மிஸ்க் கெடுவே மார்ச் 31.

ரவுண்ட்ராக்_வாசி:

எனக்கு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. போட வேண்டிய கட்டாயமே இல்லாதவர் போட்டால் ஏதாவது லாபம் உண்டா?

வைகைக்கரை:

உண்டு, முக்கியமாக 1099 தாளின் நான்காம் பெட்டியைப் பாருங்கள். வரி அடையாள எண்ணைச் சரியாகக் கொடுக்காதவர்களிடம் பணம் கொடுப்பவர் 24 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டிவிடுவார். 700 டாலர் பரிசில் 168 டாலர் போயிருக்கும். ரிட்டர்ன் போட்டால்தான் அது திரும்ப வரும், அதற்கும் மூன்று வருடம்தான் அவகாசம். பணம் கொடுத்தவர் தவறான தொகை எழுதியிருந்தாலும் போட்டு விளக்கிவிடுவது நல்லது. இன்னொன்று, ஐஆர்எஸ் பழைய வருடத்தைக் கிளற பொதுவாக மூன்று வருட வரம்பு, அந்தக் கடிகாரம் ரிட்டர்ன் போட்ட பிறகுதான் ஓடத் தொடங்கும். போடாத வருடத்துக்கு வரம்பே கிடையாது. விளிம்பில் நிற்கிறவர்கள், அதாவது சுயதொழில் நிகரம் 380, 420 என்று இருப்பவர்கள், போட்டுவிடச் சொல்வேன்.

தஞ்சை_டு_டாலஸ்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சென்டருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டோம், மகளே எழுதினாள். கோடையில் டபிள்யூ-2 தருவதாகப் பதில் வந்திருக்கிறது, 2025 தாளை மாற்ற முடியாது என்கிறார்கள். சரி, 85 டாலர் கட்டிவிடுகிறோம். கடைசியாக ஒன்று. ஆன்லைனில் போட உட்கார்ந்தால் போன வருட ஏஜிஐ (ரிட்டர்னில் வரும் சரிக்கட்டிய மொத்த வருமானம்) கேட்கிறது, அவள் போன வருடம் எதுவும் போடவில்லையே? யார் கையெழுத்து, நானா அவளா?

வைகைக்கரை:

போன வருடம் போடாதவர்கள் ஏஜிஐ இடத்தில் 0 என்று கொடுக்க வேண்டும், காலியாக விடக் கூடாது. கையெழுத்து அவளுடையது, 17 வயதில் அவளே போடலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று. 'வேறு ஒருவர் உன்னை டிபெண்டன்ட்டாகக் காட்ட முடியுமா' என்று ஒரு கேள்வி வரும். அதில் ஆம் என்று டிக் செய்ய மறக்கக் கூடாது. மறந்தால் அவளுக்கு முழு 15,750 கழிவு போட்டுவிடும், அவள் தன்னையே காட்டிக்கொண்டதாக ஆகும், அதன்பின் நீங்கள் போடும் ரிட்டர்ன் அவள் எண்ணைப் பார்த்து ரிஜெக்ட் ஆகித் திரும்பும். எங்கள் மேசைக்கு மார்ச்சில் வருகிற குடும்பங்களில் பாதிப் பேர் இதற்காகத்தான் வருகிறார்கள். அவள் ரிட்டர்ன் ஏற்கப்பட்டது என்று தகவல் வந்ததும் 85 டாலரைக் கட்டிவிடுங்கள், ஏப்ரல் 15-க்குள். டெக்ஸஸில் மாநில வருமான வரி கிடையாது என்பதால் உங்களுக்கு வேலை அதோடு முடிந்தது.